ஒளிப்பாய்க் கப்பலை வடிவமைத்தல்: கதையின் கணக்கும் விண்வெளியின் கணக்கும்

தெல்லிப்பழைக் கதைசொல்லி:
நான் எழுதிக்கொண்டிருக்கும் நெடுங்கதையில் வரும் கப்பலைப் பற்றி இங்குள்ளவர்களிடம் கருத்துக் கேட்க விரும்புகிறேன். 2090களில் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆறு பேர், எரிபொருள் இல்லாமல் சூரிய ஒளியின் அமுக்கத்தால் மட்டும் நகரும் கப்பலில் செவ்வாய்க்குப் போகிறார்கள். கப்பலின் மொத்தத் திணிவு 20 தொன். பாய் 200 மீற்றர் பக்கமுள்ள சதுரம். பயணக் காலம் மூன்று மாதம். துரத்தி வரும் இன்னொரு கப்பலிடமிருந்து தப்புவதற்காகக் கப்பல் தலைவி பாயைச் சடுதியாகத் திருப்புவதாக ஓர் அத்தியாயம் இருக்கிறது. சூரியக் காற்று பலமாக வீசும்போது கப்பலின் வேகம் கூடும் என்றும் எழுதியிருக்கிறேன். அறிவியல் எங்கே இடிக்கிறது என்பதைச் சொல்லுங்கள். கதை கெட்டுவிடும் என்று யாரும் தயங்க வேண்டாம்.

கோண்டாவில் மாஸ்ரர்:
தம்பி, முதலில் சூரியக் காற்றை விட்டுவிட்டு ஒளியைப் பிடித்துக்கொள்ளுங்கள். சூரியக் காற்று எனப்படுவது செக்கனுக்குச் சில நூறு கிலோமீற்றர் வேகத்தில் சூரியனிலிருந்து வெளியேறும் புரோத்தன்களும் இலத்திரன்களும் ஆகும். அவை ஒரு பாயின்மீது தரும் அமுக்கம், ஒளி தரும் அமுக்கத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. அந்தத் துகள்களை நீண்ட, மின்னேற்றிய கம்பிகளால் தடுத்து உந்துதல் பெறும் மின்பாய் என்ற வடிவத்தைப் பின்லாந்தின் பெக்கா ஜன்ஹுனன் முன்வைத்திருக்கிறார். ஆனால் அது வேறு கப்பல். அதற்கு வேறு கதை எழுத வேண்டும்.

ஒளிக்குத் திணிவு இல்லாவிட்டாலும் உந்தம் உண்டு. மக்ஸ்வெல் சமன்பாட்டில் சொன்னதை ரஷ்யாவின் லெபதேவ் 1900ஆம் ஆண்டளவில் ஆய்வுகூடத்தில் அளந்தே காட்டிவிட்டார். பூமி இருக்கும் தூரத்தில் ஒரு சதுர மீற்றருக்குச் சுமார் 1361 வாற்று ஒளி விழுகிறது. அதை ஒளியின் வேகத்தால் வகுத்து, தெறித்துத் திரும்புவதற்காக இரண்டால் பெருக்கினால், ஒரு சதுர கிலோமீற்றர் பரப்புக்கு 9 நியூற்றன் கிடைக்கும். தரையில் ஒரு கிலோகிராம் பொருளின் நிறைக்குக்கூட அது சற்றுக் குறைவு.

உங்கள் பாயின் பரப்பு 40,000 சதுர மீற்றர். குறையே இல்லாத ஆடி என்று வைத்துக்கொண்டாலும் விசை 0.36 நியூற்றன்தான். 20 தொன் கப்பல் அந்த விசையால் ஒரு நாளில் பெறும் வேகம் செக்கனுக்கு ஒன்றரை மீற்றர். ஓர் ஆண்டில் பெறுவது சுமார் 570 மீற்றர். பூமியின் ஒழுக்கிலிருந்து செவ்வாயின் ஒழுக்குக்கு மாறுவதற்கோ மொத்தமாகச் செக்கனுக்கு ஐந்தரைக் கிலோமீற்றர் அளவில் வேகமாற்றம் தேவை. ஆகவே உங்கள் ஆறு பேரும் குறைந்தது பத்து ஆண்டுகள் பயணம் செய்வார்கள்.

சுழிபுரம் வாசகன்:
மாஸ்ரர் சொல்வது சரிதான். ஆனால் கதைசொல்லியை மட்டும் நெருக்குவது நியாயமில்லை. இந்தத் துறையின் முன்னோடிக் கதைகள் எல்லாமே இப்படித்தான் எழுதப்பட்டன. நம் நாட்டில் அரை நூற்றாண்டு வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் 1964இல் ஒரு சூரியப் பாய்ப்படகுப் பந்தயக் கதையை வெளியிட்டார். அதில் ஒரு நாள் முடிவதற்குள் படகு மணிக்கு ஏறத்தாழ 2000 மைல் வேகத்தை எட்டிவிடுகிறது. மாஸ்ரரின் ஒன்றரை மீற்றரோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். கிளார்க்கும் கதைக்காகக் கணக்கை வளைத்தவர்தான் என்பது என் கருத்து.

பருத்தித்துறை நிலா:
வாசகன், கிளார்க்கின்மீது அவ்வளவு விரைவாகத் தீர்ப்பு எழுத வேண்டாம். அவர் தம் கதையில் எண்களை வெளிப்படையாகவே கொடுத்திருக்கிறார், நாமே சரிபார்க்கலாம். பாயின் பரப்பு ஐந்து கோடி சதுர அடி, அதாவது சுமார் 46 இலட்சம் சதுர மீற்றர். மாஸ்ரரின் விதிப்படி விசை 42 நியூற்றன். ஆர்முடுகல் புவியீர்ப்பின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று கதையில் வருகிறது. இந்த ஆர்முடுகலில் ஒரு நாள் போனால் செக்கனுக்குச் சுமார் 850 மீற்றர் வேகம் கிடைக்கும். அது மணிக்கு 1900 மைல். ஆகவே வேகம் சரி.

அடுத்தது திணிவு. 42 நியூற்றன் விசையால் அந்த ஆர்முடுகலைத் தருவதற்குப் படகின் மொத்தத் திணிவு நாலேகால் தொன்னளவில் இருக்க வேண்டும். பாயின் தடிப்பு அங்குலத்தின் பத்து இலட்சத்தில் சில பங்கு என்று அவர் எழுதுகிறார். ஐந்து பங்கு என்று எடுத்தால் முழுப் பாயும் ஒரு தொன்னுக்குள் அடங்கிவிடும். மிச்சம் மூன்று தொன்னுக்கு மேல் ஒற்றை மாலுமிக்கும் அவருடைய கூண்டுக்கும் கயிறுகளுக்கும் இருக்கிறது. கணக்கு எந்த இடத்திலும் உடையவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். சூரியனின் ஈர்ப்பும் ஒளியின் அமுக்கமும் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஒரே விகிதத்தில் குறைவதால், ஒரு பாய்க்கப்பல் சூரியனின் ஈர்ப்பை வெல்லுமா என்பதை ஒரேயொரு எண் தீர்மானிக்கிறது. மொத்தத் திணிவைப் பாயின் பரப்பால் வகுக்கும்போது சதுர மீற்றருக்கு 1.53 கிராமுக்குக் குறைவாக வந்தால், ஒளி ஈர்ப்பை மிஞ்சிவிடும். கிளார்க்கின் படகுக்கு அந்த எண் 0.93. கதையின் முடிவில் கூண்டு கழன்ற பிறகு வெறும் பாய் ஞாயிற்றுத் தொகுதியை விட்டே வெளியேறப் போகிறது அல்லவா? அது அலங்காரத்துக்காக எழுதப்பட்ட முடிவன்று. கணக்கிலிருந்து நேராக வருவது. (கதையை இன்னும் படிக்காதவர்கள் பொறுத்தருள்க.)

சுழிபுரம் வாசகன்:
எண்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தடிப்பில் ஒரு தாளை யார் செய்வது? அந்த எண்ணைக் கையில் எடுத்த இடத்திலேயே வளைத்தல் நடந்துவிட்டது என்கிறேன்.

பருத்தித்துறை நிலா:
கேள்வியை இப்படிக் கேட்பதுதான் சரி. இதுவரை பறந்தவற்றை அந்த அளவுகோலிலேயே வைத்துப் பார்ப்போம். யப்பானின் இகாரோஸ் 2010ஆம் ஆண்டு மே மாதம் ஏவப்பட்டது. 14 மீற்றர் பக்கமுள்ள அதன் பாய் 7.5 மைக்ரோமீற்றர் தடிப்புடைய பொலியிமைட்டால் ஆனது. மொத்தத் திணிவு 310 கிலோகிராம். சதுர மீற்றருக்கு ஒன்றரைக் கிலோகிராமுக்கு மேல் வருகிறது. பிளானட்டரி சொசைற்றி பொதுமக்களின் நன்கொடையில் கட்டி 2019இல் அனுப்பிய லைட்செயில் 2, ஐந்து கிலோகிராம் செய்மதியில் 32 சதுர மீற்றர்ப் பாயைச் சுமந்தது. அதற்கு 156 கிராம். நாசா 2024இல் அனுப்பிய சோதனைச் செய்மதி 80 சதுர மீற்றர்ப் பாயை விரித்தது. அதுவும் நூறு கிராமுக்கு மேற்பட்டதுதான். ஈர்ப்பை வெல்ல 1.53 வேண்டிய இடத்தில் நாம் இன்னும் நூற்றுக்கணக்கில் நிற்கிறோம்.

தாளை மட்டும் தனியே எடுத்தாலும் நிலைமை பெரிதாக மாறாது. லைட்செயிலின் பாயான மைலார் என்ற பிளாஸ்ரிக் தாள் 4.5 மைக்ரோமீற்றர், அது சதுர மீற்றருக்கு ஆறு கிராமுக்குச் சற்று மேல். கிளார்க்கின் தாளோ அதைவிட முப்பது மடங்கு மெல்லியது. ஒளியைத் தெறிக்க உண்மையில் தேவைப்படுவது மைக்ரோமீற்றரில் பத்திலொரு பங்கு அலுமினியந்தான். பிளாஸ்ரிக் இருப்பது, பூமியில் மடித்துப் பெட்டிக்குள் வைக்கும்போதும் பிறகு விரிக்கும்போதும் அது கிழியாமல் இருப்பதற்காக. ஆகவே பாயைப் பூமியில் செய்யாமல் விண்வெளியிலேயே அலுமினிய ஆவியைப் படியவைத்து நெய்தால் என்ன என்று 1970களின் இறுதியில் எரிக் டிரெக்ஸ்லர் ஆராய்ந்தார். கதைசொல்லியின் காலம் 2090கள் என்பதால், இந்த ஆலை ஒன்றைக் கதைக்குள் கொண்டுவருவதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆலை இல்லாமல் அந்தத் தாள் மட்டும் எங்கிருந்தோ வந்ததாக எழுதினால் மறுப்பேன்.

வல்வைக் கடலோடி:
என்னுடைய ஐயம் வேறு. எங்கள் ஊரில் கட்டிய அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை பாய் விரித்தே போனது என்ற வரலாற்றை இங்குள்ள பலர் அறிவீர்கள். கடலில் எதிர்க்காற்றுக்குள்ளும் குறுக்காக வலித்து ஓடலாம். ஏனென்றால் கப்பலின் ஏராவும் அடிப்பாகமும் தண்ணீரை அழுத்திக் கப்பல் பக்கவாட்டில் வழுக்குவதைத் தடுக்கின்றன. விண்வெளியில் தண்ணீர் இல்லை, ஒளியும் எப்போதும் சூரியனிலிருந்து வெளிப்புறமாகவே வருகிறது. அப்படியானால் செவ்வாய்க்குப் போன ஆறு பேரும் திரும்பி வருவது எப்படி? போனவர்கள் போனவர்கள்தானா?

கோண்டாவில் மாஸ்ரர்:
அண்ணை, தண்ணீர் செய்யும் வேலையை அங்கே சூரியனின் ஈர்ப்பு செய்கிறது. கப்பல் வெறுவெளியில் நிற்கவில்லை. பூமியைப் போலவே செக்கனுக்கு முப்பது கிலோமீற்றர் அளவில் சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. தட்டையான ஆடிப் பாயில் விசை பாயின் முகத்துக்குச் செங்குத்தாகவே இருக்கும். பாயைச் சாய்த்து, அந்த விசையின் ஒரு கூறு கப்பல் போகும் திசையில் விழுமாறு வைத்தால் கப்பல் வேகம் பெற்று வெளிப்புறமாகச் சுருளும். எதிர்ப்பக்கம் சாய்த்தால் அதே விசை ஒழுக்கு வேகத்தைக் குறைக்கும். வேகம் குறைந்த கப்பலைச் சூரியன் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். சாய்வு சுமார் 35 பாகையாக இருக்கும்போது இந்தக் கூறு உச்சமாகும். ஒளி ஒருபோதும் கப்பலைச் சூரியனை நோக்கித் தள்ளுவதில்லை, ஆயினும் கப்பல் சூரியனை நோக்கிப் போகும்.

இகாரோஸ் வெள்ளியை நோக்கி, அதாவது உட்புறமாகவே போயிற்று. 2010 டிசம்பர் 8ஆம் திகதி வெள்ளியைச் சுமார் 80,000 கிலோமீற்றர் தூரத்தில் கடந்தது. ஆயினும் அதை வெள்ளிக்கு அனுப்பியது ரொக்கெற். பாய் தந்த பங்கு சிறிது. அதன் பாயில் அளக்கப்பட்ட விசை 1.12 மில்லிநியூற்றன். குறையற்ற ஆடி என்றால் 1.8 வர வேண்டும். பாயில் ஒட்டியிருந்த சூரியக் கலங்களையும் தாளின் சுருக்கங்களையும் நினைத்துப் பார்த்தால் இந்தக் குறைவு வியப்பில்லை. கதைசொல்லி, உங்கள் எல்லாக் கணக்கிலும் ஆடியின் குறைபாட்டுக்காகப் பத்து வீதமேனும் கழித்துவிடுங்கள்.

தெல்லிப்பழைக் கதைசொல்லி:
மிக்க நன்றி மாஸ்ரர், நன்றி அக்கா. கணக்கைத் திருப்பிப் போட்டேன். ஆர்முடுகல் செக்கன் வர்க்கத்துக்கு ஒரு மில்லிமீற்றர் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 20 தொன்னுக்கு 20 நியூற்றன் தேவை. அதற்கு 2.2 சதுர கிலோமீற்றர்ப் பாய் வேண்டும். ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் பக்கம். ஒரு நாளில் செக்கனுக்கு 86 மீற்றர் சேரும். இனி இதுதான் என் கப்பல். துரத்தல் அத்தியாயத்தைக் காப்பாற்ற வழியுண்டா?

பருத்தித்துறை நிலா:
துரத்தலுக்கு முன்பு திணிவுப் பட்டியலைப் பாருங்கள். உங்கள் கப்பலின் எண் சதுர மீற்றருக்கு 9 கிராம். இன்று பறந்த மைலார்த் தாளையே போட்டால் தாளுக்கு மட்டும் 14 தொன் போய்விடும். மிச்சம் ஆறு தொன்னுக்குள் பாயைத் தாங்கும் நீள்கைகள், ஆறு மனிதர்கள், அவர்களுடைய காற்று, தண்ணீர், உணவு, கதிர்வீச்சுத் தடுப்பு எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது. தாள் ஒரு மைக்ரோமீற்றர் அளவுக்கு இறங்கினால் பதினாறு தொன்னுக்கு மேல் மிஞ்சும். அப்போது கதை நடக்கும்.

சடுதியாகத் திருப்புவது நடக்காத காரியம். லைட்செயில் 2 சிறியது. சுமார் 100 நிமிடங்களில் பூமியைச் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் சூரியனை நோக்கி வரும்போது பாயின் விளிம்பையும் விலகிப் போகும்போது முகத்தையும் காட்ட வேண்டியிருந்ததால், ஒரு சுற்றுக்கு இரு தடவை 90 பாகை திரும்பியது. உள்ளே சுழலும் ஒரு சில்லின் உதவியால் அது அவ்வாறு செய்தது. ஒன்றரைக் கிலோமீற்றர்ப் பாயை அப்படித் திருப்பினால் நீள்கைகள் முறிந்துவிடும். அதைத் திருப்ப மணித்தியாலங்கள் அன்று, நாட்கள் வேண்டும். ஆகவே துரத்தலை நாட்கணக்கில் நடக்கும் சதுரங்கமாக எழுதுங்கள். இரண்டு கப்பல்களும் ஒன்றையொன்று தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டே இருக்கும். எதிராளியின் பாய் எந்தப் பாகைக்குச் சாய்கிறது என்பதைப் பார்த்தே அவன் மூன்று வாரங்களுக்குப் பிறகு எங்கே இருப்பான் என்று கணிக்கலாம். எதையும் மறைக்க முடியாத துரத்தல் அது. எனக்கு அதுவே கூடுதலாகப் பிடித்திருக்கிறது.

சுழிபுரம் வாசகன்:
இவ்வளவு சிரமம் எதற்கு? பூமியிலிருந்து லேசரால் தள்ளிவிட்டால் போதாதா? 2016இல் அறிவிக்கப்பட்ட பிரேக்த்ரூ ஸ்ரார்ஷொட் திட்டம் ஒளிவேகத்தின் 20 வீதத்தை அப்படித்தானே அடைய நினைத்தது?

கோண்டாவில் மாஸ்ரர்:
அங்கே தள்ளப்படுவது சில கிராம் திணிவுள்ள பொருள். தள்ளுவது 100 கிகாவாற்று லேசர். அந்த விசை 700 நியூற்றனுக்கும் குறைவு. 20 தொன்னை அதனால் தள்ளினால் நான் பென்சன் எடுக்க நடந்து போகும் வேகம்கூட முதல் அரை நிமிடத்தில் வராது. அதோடு லேசர் தள்ளுமேயன்றிப் பிடித்து நிறுத்தாது. பாயின் வெளி வளையத்தைக் கழற்றி முன்னே விட்டு, அதில் தெறித்து வரும் ஒளியால் உட்பாயை நிறுத்தும் வழியை றொபேர்ட் ஃபோர்வட் 1984இல் கணக்கிட்டுக் காட்டினார். அதற்குத் தேவையான சக்தி இன்று மனிதகுலம் முழுவதும் பயன்படுத்துவதையும் பல மடங்கு மிஞ்சும். செவ்வாய்க் கதைக்கு அது வேண்டாம்.

வல்வைக் கடலோடி:
பாயை விரிப்பதைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. கடலில் ஆபத்து பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வரும்.

பருத்தித்துறை நிலா:
அண்ணை சொன்னது முற்றிலும் உண்மை. இந்தத் துறையின் வரலாற்றில் பாதி அதுதான். ரஷ்யர்கள் 1993இல் 20 மீற்றர் ஆடி ஒன்றைச் சுழற்றி வெற்றிகரமாக விரித்தார்கள்; 1999இல் அடுத்ததை விரித்தபோது அது விண்கலத்தின் அன்ரெனாவில் சிக்கிக் கிழிந்தது. 2005இல் நீர்மூழ்கியிலிருந்து ஏவிய கொஸ்மொஸ் 1 பாய் விரிக்கும் கட்டத்துக்கே போகவில்லை, ரொக்கெற் பழுதானது. நாசா 2022 நவம்பரில் ஆர்ட்டெமிஸ் 1 உடன் அனுப்பிய 86 சதுர மீற்றர்ப் பாய் ஏவிய பின் ஒரு சொல்கூடப் பேசவில்லை. 2024இல் விரிந்த பாயின் நீள்கைகளில் ஒன்று சற்று வளைந்தது.

பாய் விரிக்கும் காட்சிக்கு நீங்கள் ஓர் அத்தியாயம் ஒதுக்கலாம். அதைப் பூமிக்கு அண்மையில் வைக்க வேண்டாம். சில நூறு கிலோமீற்றர் உயரத்தில் மிஞ்சியிருக்கும் காற்றின் இழுவை ஒளியை வென்றுவிடும். 720 கிலோமீற்றர் அளவில் சுற்றிய லைட்செயில் 2கூட மூன்றாண்டுக்குப் பிறகு 2022 நவம்பரில் விழுந்து எரிந்தது. உயரத்தில் விரித்தாலும், பூமியை விட்டுச் சுருண்டு வெளியேற மாதங்கள் ஆகும். அவ்வளவு காலமும் கதிர்வீச்சு வலயங்களுக்குள் மனிதர்களை வைத்திருக்க முடியாது. கப்பல் ஆளில்லாமல் முன்னே போகட்டும். ஆறு பேரும் பிறகு ரொக்கெற்றில் விரைந்து போய் ஏறிக்கொள்ளட்டும்.

தெல்லிப்பழைக் கதைசொல்லி:
அப்படியே செய்கிறேன் அக்கா. இன்னொரு கேள்வி மட்டும். ஆறு பேரும் உள்ளே நடமாடுவது கப்பலின் போக்கைப் பாதிக்குமா? ஒன்றரைக் கிலோமீற்றர்ப் பாய்க்கு முன் ஒரு மனிதர் எம்மாத்திரம் என்று விட்டுவிடலாமா?

கோண்டாவில் மாஸ்ரர்:
விட்டுவிட முடியாது. 70 கிலோகிராம் மனிதர் நடு அச்சிலிருந்து ஐந்து மீற்றர் தள்ளிப் படுத்தால், 20 தொன் கப்பலின் திணிவு மையம் ஒன்றரைச் சென்ரிமீற்றருக்கு மேல் நகரும். ஒளியின் 20 நியூற்றன் விசை பழைய மையத்திலேயே தள்ளிக்கொண்டிருப்பதால், கப்பலைத் திருப்பும் ஒரு முறுக்கம் பிறக்கும். அது மிகச் சிறியது. ஆனால் எதிர்த்து நிற்க உராய்வு இல்லை, முறுக்கம் ஓய்வதும் இல்லை. பாயின் சடத்துவத் திருப்பத்தை 14 தொன் தாளுக்குக் கணக்கிட்டுப் பார்த்தேன்: ஒருவரும் திருத்தாவிட்டால் ஒரே நாளில் பாய் இருபது பாகைக்கு மேல் சாய்ந்துவிடும். தாள் மெல்லியதானால் இன்னும் கூடச் சாயும்.

இந்த விளைவைப் பகையாகவும் கொள்ளலாம், துணையாகவும் கொள்ளலாம். மரினர் 10 புதன் பயணத்தில் திருப்பும் வாயு குறைந்தபோது, 1974இல் அதன் சூரியப் பலகைகளைச் சாய்த்து ஒளியின் அமுக்கத்தாலேயே நிலைப்படுத்தினார்கள். கெப்லர் தொலைநோக்கியின் சில்லுகள் பழுதான பிறகும் அதே வித்தையால் அதற்கு மறுவாழ்வு கிடைத்தது. விண்ணில் போகும் கப்பலுக்கும் பாய் கட்டலாம் என்ற எண்ணத்தை 1610இல் கலிலியோவுக்கு எழுதிய கடிதத்தில் வெளியிட்டவரின் பெயரே அந்தத் தொலைநோக்கிக்கு இருப்பது பொருத்தந்தான்.

தெல்லிப்பழைக் கதைசொல்லி:
அப்படியானால் எனக்கு ஒரு புதிய முடிச்சுக் கிடைத்துவிட்டது. கப்பலில் ஒருவர் இரகசியமாக 200 கிலோகிராம் சுமையை ஒளித்து வைத்திருக்கிறார். ஒருவரும் அதைக் கண்ணால் காணவில்லை. ஆனால் பாய் ஒரே பக்கமாகச் சாய்ந்துகொண்டே இருக்கிறது. தலைவி அதை வைத்தே கண்டுபிடிப்பார்.

பருத்தித்துறை நிலா:
நடக்கும். பாயின் நான்கு மூலைகளிலும் சிறு திருப்புத் தகடுகள் இருப்பதாக வையுங்கள். அவை ஒவ்வொரு நாளும் எந்தப் பக்கம் எவ்வளவு திருத்தம் செய்தன என்ற பதிவு கணினியில் இருக்கும். மனிதர்களின் நடமாட்டம் அந்தப் பதிவில் ஏறி இறங்கும். ஒளித்து வைத்த சுமை அசையாமல் ஒரே பக்கம் நிற்கும். ஆனால் தாளில் ஒரு சுருக்கமோ வளைந்த நீள்கையோ இருந்தாலும் பதிவு அப்படியே தெரியும். ஆகவே தலைவி ஆறு பேரையும் நடு அச்சில் வந்து நிற்கச் சொல்லிவிட்டு, பாயை 35 பாகை சாய்த்து ஒரு நாளும் நேராக வைத்து ஒரு நாளும் அளக்க வேண்டும். சுமை தரும் முறுக்கம் பாயின் மொத்த விசையோடு சேர்ந்து, விதிப்படி மூன்றில் இரண்டு பங்காகக் குறையும். சுருக்கம் தருவது அந்த விதிக்கு அடங்காமல் வேறு விதமாக மாறும். படுக்கைகளை அச்சுக்கு இருபுறமும் மூன்று மூன்றாக எதிரெதிரே வையுங்கள். இல்லாவிட்டால் அவர் அளப்பதற்கு முன்பே பதிவு குழம்பிவிடும்.